பின்னால வர்றா

தமிழில் கெட்ட வார்த்தைகளுக்குப் பஞ்சமில்லை. நான் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீட்டில் பிறந்தவள். சம்பள நாளில் ஆம்பிளைகள் வாயிலிருந்து வருகிற அத்தனையையும் கேட்டு வளர்ந்தவள். அதையெல்லாம் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டாகிவிட்டது. ஆனால் 'பின்னால' என்று ஒரு சாதாரண வார்த்தை இருக்கிறதே, அதைக் கேட்டால் மட்டும் உச்சந்தலையில் சுர்ரென்று ஏறுகிறது. வகுப்பில் ஏதோ ஒரு பிள்ளை, "டீச்சர், அவன் பின்னால வர்றான்" என்று சொன்னால் போதும், பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அந்தப் பிள்ளை பாவம், அதற்கு என்ன தெரியும்?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு மோட்டார். எங்கள் மலையில் மோட்டார் என்றால் இரண்டு சக்கர வண்டி, காடி என்றால் கார். என் வீட்டுக்காரர் வாங்கியது இத்தாலியில் செய்த மோட்டார். ரேஸ் ரகம். சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. உலகத்திலேயே கொஞ்சம்தான் செய்தார்களாம், மலேசியாவில் விரல்விட்டு எண்ணிவிடலாமாம். அதை எப்படி வாங்கினார், எதை விற்று வாங்கினார் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதற்காக நான் கோபப்படவும் இல்லை. சம்பாதிக்கிற மனுஷன், ஆசைப்பட்டார், வாங்கினார்.

அவர் ஈப்போக்காரர். அரசாங்க ஆபீஸில் டெக்னீஷியன் வேலை, கேமரன் மலைக்கு மாற்றலாகி வந்தவர். நான் ரிங்லெட்டுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா நான் சின்னவளாக இருக்கும்போதே போய்விட்டார். அம்மா கொழுந்து எடுத்துத்தான் என்னை டீச்சராக்கினாள். எனக்கு வேலை கிடைத்தது கோலா தெர்லா பக்கம், அதனால் அங்கேயே வாடகை வீடு. அம்மாவோ லைனை விட்டு வரமாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தாள். மலையின் அந்தக் கோடியில் அவள், இந்தக் கோடியில் நாங்கள். நடுவில் தானா ராத்தா, பிரிஞ்சாங், கியா பார்ம். இருப்பது ஒரே ரோடு. விடுமுறை வந்தால் கியா பார்மில் ஸ்ட்ராபெரி வாங்க வருகிற காடிகள் அந்த ரோட்டை அடைத்துக்கொள்ளும். அப்போது நடந்து போகிறவன் காடியில் போகிறவனை முந்திவிடுவான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு பழைய கப்சாய் இருந்தது. காய்கறித் தோட்டத்து ஆள் முதல் ஆபீஸ் கிராணி வரை இங்கே எல்லோரும் ஓட்டுகிற சின்ன மோட்டார் அது. அதில்தான் என்னை ஏற்றிக்கொண்டு மலை முழுக்கச் சுற்றினார். ஒவ்வொரு வளைவிலும், "பின்னால இருக்கியா?" என்று கத்துவார். காற்றில் என் வாய் கோணிக்கொள்ளும். "இருக்கேன்!" என்று நானும் கத்துவேன். அப்போது அந்த வார்த்தை எவ்வளவு இனித்தது என்று நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

இத்தாலி மோட்டார் வீட்டுக்கு வந்த அன்று அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பிள்ளை பெற்றவள்கூட அப்படிப் பூரித்திருக்க மாட்டாள்.

"இந்த மாடல்ல ஒத்த சீட்டுலயும் செஞ்சான், ரெண்டு சீட்டுலயும் செஞ்சான்" என்றார். "ஒத்த சீட்டு ஈசியா கெடைச்சுச்சு. நாந்தான் வேணாம்னு சொல்லிட்டு ரெண்டு சீட்டத் தேடிப் புடிச்சேன். பிபோஸ்டோன்னு சொல்லுவான் இத்தாலிக்காரன். ரெண்டு பேருக்குன்னு அர்த்தம். ஒனக்காகத்தான் லா."

பின்னால் இருந்த சீட்டைத் தொட்டுப் பார்த்தேன். உள்ளங்கை இரண்டை ஒட்டி வைத்தால் மூடிவிடலாம், அவ்வளவு சின்னது. முன் சீட்டைவிட ஒரு சாண் உயரம் வேறு. இதில் உட்கார்ந்தால் தோட்டத்துத் துரை மாதிரி மலையையே குனிந்து பார்க்கலாம் என்று கிண்டல் செய்தேன். சிரித்தார். நானும் சிரித்தேன். சின்னதாக இருந்தால் என்ன, என் சீட்டு.

புது வண்டிக்குப் பூசை போடாமல் ஓட்டக்கூடாது என்று அம்மா போனிலேயே உத்தரவு போட்டுவிட்டாள். தோட்டத்து மாரியம்மன் கோயிலில்தான் போட வேண்டும். லைனுக்குப் போகிற ரோடு தேயிலை லோரி ஓடிக் குண்டும் குழியுமாகக் கிடக்கும். அந்த ரோட்டில் அவர் இத்தாலி மோட்டாரைத் தள்ளாத குறையாக ஓட்டிக்கொண்டு வந்தார். நான் வேட்டி, தேங்காய், பழத்தட்டோடு காடியில் வந்தேன். தட்டை வைத்துக்கொண்டு மோட்டாரில் உட்கார முடியாதே. அதை நான் தப்பாக நினைக்கவில்லை.

பூசாரி சூடத்தை ஏற்றிவிட்டு, "யாரு பேருக்கு அர்ச்சனை?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தன் பேரையும் நட்சத்திரத்தையும் சொன்னார். பூசாரி மந்திரத்தைத் தொடங்கப் போனார்.

"நில்லுங்க சாமி" என்றாள் அம்மா. வேலையிலிருந்து அரை நாள் லீவு போட்டுவிட்டு, இருப்பதில் நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். "மாப்ள, ரெண்டு பேரு மோட்டாருன்னுதானே சொன்னீங்க? என்னமோ பேருகூடச் சொன்னீங்களே, பீ... பீ என்னமோ."

"பிபோஸ்டோ அத்தை."

"என்ன எழவோ. ரெண்டு பேரு ஒக்கார்ற வண்டிக்கு ஒரு நட்சத்திரம் சொன்னா எப்புடி? எம்பொண்ணுக்கு சித்திர. அதையும் சேத்துக்குங்க சாமி."

பூசாரி சேர்த்துக்கொண்டார். டேங்கில் ஒரு சந்தனப் பொட்டு, முன் விளக்கில் ஒன்று வைத்தார். அம்மா அவர் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, பின் சீட்டில் தானே ஒரு பொட்டு வைத்தாள், அதன் நடுவில் குங்குமம். "இது எம்பொண்ணு சீட்டு" என்று பக்கத்து லைன் சின்னம்மாவிடம் சொன்னாள். சின்னம்மா அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து எடுப்பவள். தோட்டமே கூடி நின்று பார்த்தது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் யாருக்கும் பின்னால் உட்கார்ந்து எங்கேயும் போனதில்லை. லோரியில் நின்றுகொண்டு போயிருக்கிறாள், அவ்வளவுதான்.

டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தபோது மாப்பிள்ளை முகம் சுண்டியது. "அதுல ஆசிட் இருக்கு லா" என்று என் காதில் முணுமுணுத்தார். தோட்டத்து வளைவைத் தாண்டியதும் மோட்டாரை ஓரம் கட்டினார், பின்னால் காடியில் வந்த நானும் நிறுத்தினேன். ஒரு மெல்லிய துணியை எடுத்து டேங்க், விளக்கு என்று எல்லாப் பொட்டையும் துடைத்தார். பின் சீட்டில் அம்மா வைத்ததையும் துடைத்தார். சந்தனம் பெயிண்டைத் தின்றுவிடுமாம். சீட்டில் என்ன பெயிண்ட் இருக்கிறது? கேட்டிருக்கலாம். மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு அவருக்குக் கூட்டாளிகள் சேர்ந்தார்கள். பெரிய மோட்டார் வைத்திருக்கிறவர்களுக்கு என்று ஒரு கூட்டம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் பத்துப் பேர் வரிசையாக மலையேறி வருவார்கள், தேத்தண்ணி குடிப்பார்கள், ஒருவன் மோட்டாரை ஒருவன் குனிந்து பார்ப்பான், போய்விடுவார்கள். அதில் ஒரு வாயாடி எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு, நான் தேத்தண்ணிக் கோப்பையோடு வெளியே வருவது தெரிந்தும் சொன்னான்.

"என்னா பாஸ், ரேஸ் மோட்டாருக்குப் பின்னாடி சீட்டு வச்சிருக்கீங்க? இது என்ன, டூரிஸ்ட் பஸ்ஸா? கவர் போட்டாத்தான் லா கெத்து."

எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். அந்த மாதமே ஒரு பார்சல் வந்தது. உள்ளே கருப்பாக, பளபளவென்று, மாட்டின் திமில் மாதிரி ஒரு மூடி. பின் சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதை மாட்டினால் மோட்டார் ஒற்றைச் சீட்டு மோட்டாராகிவிடும். அதை மாட்டினார். பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற கட்டைகளையும் கழற்றினார், அது துருத்திக்கொண்டு அசிங்கமாக இருக்கிறதாம். என் சீட்டை ஒரு துண்டில் சுற்றி அலமாரிக்கு மேல் வைத்தார்.

"ஏங்க, ரெண்டு பேருன்னு தேடிப் புடிச்சு வாங்கினது நீங்கதானே?"

"இது சும்மா லுக்குக்கு மா. நீ வர்றப்ப மாத்திக்கலாம். அஞ்சு நிமிஷ வேல."

நான் வருகிறபோது! நான் எப்போது வரவில்லை? அந்த ஐந்து நிமிஷம் ஒருநாளும் வரவில்லை. ரிங்லெட்டில் ஒரு கல்யாணம் என்றால் அவர் மோட்டாரில் முன்னால் போவார், நான் காடியில் பின்னால் போவேன். பிரிஞ்சாங்கில் சாப்பாடு என்றாலும் அதே கதைதான். மண்டபத்து வாசலில் யாராவது, "என்ன தம்பி, டீச்சர் எங்க?" என்று கேட்பார்கள். "பின்னால வர்றா" என்பார். நான் வந்து சேரும்போது அவர் பந்தியில் பாதி சாப்பிட்டிருப்பார். எத்தனை தரம் அந்த வாக்கியத்தைச் சொல்லியிருப்பார்! கேட்கிற ஒரு வினாடிக்குள் பதில் வாயிலிருந்து வந்து விழும்.

சண்டை போட்டேன், போடாமல் இல்லை. "ரோடு ஈரமா இருக்கு, ஒன்னய ஏத்திக்கிட்டு ரிஸ்க் எடுக்க முடியுமா?" என்பார் ஒருநாள். "ஒம் மேல உள்ள அக்கறையிலதான் சொல்றேன்" என்பார் இன்னொருநாள். கப்சாயில் மழையில் ஏற்றிக்கொண்டு போனபோது எங்கே போயிருந்தது இந்த அக்கறை? வாயில் நுழையாத இத்தாலிப் பேருள்ள பெயிண்டுக்கு வந்த அக்கறை என்று எனக்குத் தெரியாதா?

அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. லைன் ரோட்டில் கல் தெறிக்கிறது என்று அந்தப் பூசைக்குப் பிறகு அவர் மோட்டாரை அந்தப் பக்கமே கொண்டுபோகவில்லை. அம்மாவைப் பார்க்கப் போனால் காடிதான். அவள் கண்ணில் அந்த மோட்டார் என்றைக்கும் பொட்டு வைத்த இரண்டு சீட்டோடுதான் நின்றது.

அது பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. மத்தியானம் சின்னம்மா போன் செய்தாள்.

"டீச்சரு, பதறாத. ஒங்கம்மாவுக்கு நெஞ்சு வலின்னு கொழுந்துக் கூடையோட ரோட்டுலயே ஒக்காந்துட்டா. லோரில ஏத்தி தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். டாக்டரு ஈப்போவுக்கு அனுப்பணுங்கிறாரு. ஆம்புலன்ஸு தயாராவுது. அதுக்குள்ள வந்துரு. ஒன்னயத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா."

ஆம்புலன்ஸ் தாப்பா பக்கமாக இறங்கிவிட்டால் என்னால் அதைப் பிடிக்கவே முடியாது. அது கிளம்புவதற்குள் அம்மா முகத்தைப் பார்த்துவிட வேண்டும். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. கூட்டாளிகளோடு கடையில் இருந்த அவருக்குப் போன் செய்தேன். "நீ காடிய எடு. நான் இப்படியே வந்துடுறேன்" என்றார். பழக்க தோஷம். நானும் பழக்க தோஷத்தில் காடியை எடுத்தேன்.

கியா பார்முக்கு வெகு தூரம் முன்பே காடிகள் நின்றுவிட்டன. முன்னால் ஒரு டூரிஸ்ட் பஸ், அதற்கு முன்னால் எங்கே முடிகிறது என்று தெரியாத வரிசை. ஜன்னலில் தலையை நீட்டிப் பிள்ளைகள் சோளம் தின்றுகொண்டிருந்தன. ஒருத்தி காடியிலிருந்து இறங்கி, நின்ற இடத்திலேயே போட்டோ எடுத்துக்கொண்டாள். ஹாரனை அடித்தேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த உறுமல் கேட்டது. காடிகளுக்கு நடுவில் இருந்த சந்தில் சிவப்பு மோட்டார் வந்து என் ஜன்னலருகே நின்றது. வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. இந்த மோட்டார் நுழையாத சந்து உண்டா? இன்னும் கொஞ்ச நேரத்தில் அம்மாவிடம் போய்விடலாம். காடியை அப்படியே புல் ஓரம் ஒதுக்கிப் பூட்டிவிட்டு இறங்கினேன்.

"போலாங்க. சீக்கிரம்" என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினேன். தூக்கிய கால் அப்படியே நின்றது.

உட்கார இடமில்லை. கருப்புத் திமில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது.

"இதக் கழட்டுங்க."

"அதுக்குத் தனியா ஒரு சாவி வேணும். வீட்ல இருக்கு." குரல் இறங்கிவிட்டது. "சீட்டும் வீட்லதானே மா இருக்கு."

"பரவால்ல. நான் இது மேலயே ஒக்கார்றேன்."

திமிலின் மேல் கையை ஊன்றினேன். அவர் சடக்கென்று திரும்பி என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"ஏய், வேணாம், ஒடஞ்சிடும்!"

அதற்குப் பிறகுதான், "நீ விழுந்துடுவ மா, கால் வைக்கக்கூட இடமில்ல" என்றார்.

இரண்டும் உண்மைதான். அந்தச் சரிவில் உட்கார்ந்தால் நான் விழுந்திருப்பேன், மூடியும் உடைந்திருக்கும். ஆனால் அவர் வாயில் முதலில் வந்தது எது? அதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். ஈப்போவுக்கு அனுப்பும் நிலையில் என் அம்மா படுத்திருக்கிறாள். இந்த மனுஷனுக்கு பிளாஸ்டிக் மூடி முதலில் ஞாபகம் வருகிறது.

"நான் முன்னால போயி டாக்டர்கிட்ட பேசி நிறுத்தி வைக்கிறேன். நீ பின்னால வா" என்று சொல்லிவிட்டுப் போனார். உலகத்தில் கொஞ்சமே செய்த மோட்டார், இரண்டு பேருக்கென்று செய்த மோட்டார், ஒற்றை ஆளோடு காடிகளுக்கு நடுவில் நெளிந்து நெளிந்து மறைந்தது. நான் ரோட்டில் நின்றேன். சுற்றி நூறு காடிகள். வாய்விட்டுத் திட்டினேன். லைனில் கேட்டு வைத்திருந்த அத்தனை வார்த்தைகளும் அன்றைக்கு உதவின. பஸ்ஸில் இருந்த சீனப் பாட்டி ஒருத்தி ஜன்னலை மூடிக்கொண்டாள்.

அவர் போன அதே சந்தில் ஒரு கப்சாய் வந்தது. காய்கறித் தோட்டத்தில் வேலை செய்கிற வங்காளதேசத்து ஆள். பின்னால் பெரிய கூடை, நிறைய முட்டைக்கோஸ். குறுக்கே போய் நின்று கையெடுத்துக் கும்பிட்டேன். "தோலோங்! ஹோஸ்பிட்டல்! மாக் சாகிட்!" என்று எனக்கு வந்த மலாயைக் கொட்டினேன். உதவி செய், ஆஸ்பத்திரி, அம்மாவுக்கு முடியவில்லை. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கயிற்றை ஒரு இழு இழுத்தான். கூடையைத் தூக்கி என் காடிக்குப் பக்கத்தில் புல்லில் வைத்தான். தன் தலையிலிருந்த ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டிவிட்டு, சீட்டில் ஒட்டியிருந்த மண்ணைச் சட்டைக் கையால் துடைத்தான். அவ்வளவுதான், இடம் வந்துவிட்டது. முன்பின் தெரியாதவனின் வண்டியில் எனக்கு இடம் இருந்தது.

பிரிஞ்சாங் இறக்கத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசலில் அவன் என்னை இறக்கிவிட்டபோது இரண்டு பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். உள்ளே ஓடினேன். என் வீட்டுக்காரர் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடையில் நின்றார்.

"இப்பத்தான் லா போச்சு ஆம்புலன்ஸ்" என்றார். "எவ்வளவோ சொன்னேன், நிக்க மாட்டேனுட்டாங்க. சின்னம்மா கூடப் போயிருக்காங்க. பயப்படாத, அத்தை நல்லாத்தான் பேசினாங்க. நீ எங்கன்னு கேட்டாங்க. பின்னால வர்றான்னு சொன்னேன்."

அம்மாவைக் கொண்டுவந்த தோட்டத்து லோரி அங்கேயே நின்றது. அதில் ஏறி நான் ஈப்போவுக்குப் போனேன். அவர் மோட்டாரில் லோரிக்கு முன்னால் போனார். அம்மா பாதி வழியிலேயே போய்விட்டாள் என்று அங்கே சொன்னார்கள்.

காரியம் செய்கிற வீட்டில் அழுவதற்குத்தான் நேரம் இருக்கும். கோபப்பட நேரம் இருக்காது. பால் தெளித்துவிட்டு வந்த அன்று காலையில்தான் சின்னம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கோப்பைகளைக் கழுவிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன் டீச்சரு, அன்னிக்கு ஆஸ்பத்திரி வரைக்கும் வந்துட்டு ஏன் உள்ள வரல?"

"யாரு சொன்னா நான் வந்தேன்னு?"

"மாப்ளதானே சொன்னாரு? 'எம்பொண்ணு எங்க'ன்னு ஒங்கம்மா கேட்டா. 'பின்னால வர்றா அத்தை'ன்னாரு. ஒடனே அவ தலையத் தூக்கி அவரு முதுகுக்குப் பின்னால பாத்தா. காணோம். கதவப் பாத்தா. காணோம். என்னயக் கூப்புட்டு, 'மோட்டார்ல இருந்து எறங்காம ஒக்காந்திருக்காளா? மழ பெய்யுதே, நனஞ்சிருவா, உள்ள வரச் சொல்லு'ன்னா. நான் போயி எட்டிப் பாத்தேன், மோட்டாரு நிக்குது, நீ இல்ல. ஆம்புலன்ஸுல ஏத்துறப்ப அவளுக்கே மோட்டாரு தெரிஞ்சிச்சு. அதையே பாத்துக்கிட்டு இருந்தா."

சின்னம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்தாள்.

"வழியில ஒரே ஒரு தரம் பேசினா. 'மோட்டார்ல கூடவே வந்துட்டு மூஞ்சியக் காட்டாமப் போயிட்டாளே, எம்மேல ஏதும் கோவமா அவளுக்கு'ன்னு கேட்டா. இல்லடின்னு சொன்னேன். காதுல விழுந்துச்சா என்னமோ தெரியல."

இந்த உலகத்தில் எனக்கு யார் மேலெல்லாமோ கோபம் உண்டு. ஹெட்மாஸ்டர் மேல் உண்டு, கியா பார்மில் காடியை நிறுத்துகிறவர்கள் மேல் உண்டு, என் மேல் உண்டு. ஒரே ஒரு ஆள் மேல் என்றைக்குமே இருந்ததில்லை. அந்த ஒரே ஆள், எனக்குத் தன் மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டு செத்துப்போனாள்.

அவரை லைனுக்குப் பின்புறம் கூப்பிட்டுக் கேட்டேன். தோட்டமே கேட்கும்படிதான் கேட்டேன்.

"ஆத்தா சாகக் கெடக்குறா, 'ஜாம்ல மாட்டிக்கிட்டா, வர நேரமாகும்'னு சொல்ல ஒங்க வாய்க்கு என்ன கேடு?"

"அத்தை மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு நல்லதுக்குத்தான் மா சொன்னேன். நான் பொய் சொல்லலியே. நீ பின்னாலதானே வந்துக்கிட்டு இருந்த?"

பொய் இல்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல். பொய்யாக இருந்தால்கூட மன்னித்திருப்பேன். எந்தக் கல்யாண மண்டபத்து வாசலிலும் சொல்கிற அதே வாக்கியத்தை, அதே வேகத்தில், அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார். எத்தனையோ பேர் கேட்டார்கள், எல்லோரும் அதற்கு 'அப்புறம் வருவாள்' என்று அர்த்தம் எடுத்துக்கொண்டார்கள். அம்மாவுக்கு மட்டும் வேறு அர்த்தம். அவள் கையாலேயே பொட்டு வைத்த சீட்டு அது. இரண்டு பேர் மோட்டாரில் வந்த மாப்பிள்ளை, பெண்டாட்டி பின்னால வர்றா என்றால் அவள் எங்கே பார்ப்பாள்? முதுகுக்குப் பின்னால்தான் பார்ப்பாள். அந்த இடத்தைத்தானே இவர் கழற்றித் துண்டில் சுற்றி அலமாரி மேல் வைத்திருந்தார்!

இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அழுதார் என்றுகூட நினைக்கிறேன். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்தால் வந்தது என்று எழுத மாட்டேனா?

கருமாதி முடிந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை தோட்டத்துக் கோயிலில் அம்மா பேருக்கு ஒரு விளக்குப் போட ஏற்பாடு செய்திருந்தேன். புறப்பட்டு வெளியே வந்தால், வாசலில் சிவப்பு மோட்டார் ஓடிக்கொண்டு நின்றது. கருப்புத் திமிலைக் காணோம். பின் சீட்டு மாட்டியிருந்தது, கால் வைக்கிற கட்டைகளும் வந்துவிட்டன. அஞ்சு நிமிஷ வேலை என்று சொன்னது உண்மைதான் போலிருக்கிறது. சீட்டின் நடுவில் ஒரு சந்தனப் பொட்டு, அதன் மேல் குங்குமம். அவரே வைத்திருக்கிறார். வட்டமாக வரவில்லை, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு இருந்தது. கையில் எனக்கென்று வாங்கிய புது ஹெல்மெட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

"ஏறு மா, போலாம்" என்றார். "லைன் ரோட்டுலயே போலாம். கல்லு தெறிச்சா தெறிக்கட்டும்."

அந்தச் சீட்டைப் பார்த்தேன். தலையைத் தூக்கி அம்மா இதைத்தானே தேடினாள்.

ஹெல்மெட்டை வாங்கிக்கொள்ளவில்லை. கைப்பையிலிருந்து காடி சாவியை எடுத்தேன்.

"நீங்க பின்னால வாங்க" என்றேன். "கோயில்ல யாராச்சும் ஒங்க பொண்டாட்டி எங்கன்னு கேட்டா, என்ன சொல்லணும்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

அவர் மோட்டாரை நிறுத்தினார். நான் காடியை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் போனேன்.